கடையில் படிக்கக் கூடாத கடிதம்

மில்வாக்கி
12 பிப்ரவரி 1984

ஊரார் தலையைக் கெடுத்தே வயிறு வளர்க்கும் தம்பி ஹோசியாவுக்கு,

அண்ணன் லான்ஸோ எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருக்க ஒரு நியாயமும் இல்லை, ஆனாலும் இருப்பாய் என்று நினைக்கிறேன். சித்தியும் சுகம்தானே?

இங்கே ஏரி உறைந்து கிடக்கிறது. இரும்பு உருக்கும் ஆலையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. முப்பது வருடம் என் காதைத் தின்ற சத்தம் நின்றுபோனது எனக்குத் தெரியவே இல்லை, காதுதான் அதற்கு முன்பே போய்விட்டதே. பக்கத்து வீட்டுக்காரன் தொலைபேசி வாங்கிக்கொள் என்கிறான். செவிடனுக்கு எதற்குடா தொலைபேசி? எனக்குக் காகிதமும் நீயும் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பெற்ற சித்தி ஓலா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட வாயைத் திறந்தால், நரகத்தில் இருப்பவர்கள் "எங்களுக்கு இங்கேயே நல்லாத்தான் இருக்கு" என்று உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிறார்களாம். அவர் சுடும் சோள ரொட்டியை எலி தூக்கிப்போய், மறுநாள் பல்லைக் கையில் பிடித்தபடி திருப்பிக் கொண்டுவந்து வைத்ததாம். இந்த எலியைச் செதுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. உன் முடிவெட்டும் கடையில் படிக்கும்போது 'பல்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்து, இல்லாவிட்டால் சிரிப்பு சிதறிவிடும்.

இடுப்புக்குக் கீழே கொஞ்சம் வலி. இந்தக் குளிரில் யாருக்குத்தான் இல்லை? என் வெல்மா இருந்தால் எண்ணெய் தேய்த்திருப்பாள். மூன்றாவது குளிர்காலம் அவள் இல்லாமல் போகிறது.

உன்னைவிட அழகான உன் அண்ணன்,
லான்ஸோ


பைன் பிளஃப், ஆர்கன்சா
26 பிப்ரவரி 1984

என் ஒரே எதிரியான லான்ஸோ அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உன் நலத்துக்கும் சேர்த்து அம்மா ஜெபம் செய்கிறார், நீ எழுதியதைக் கேட்ட பிறகும்.

சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. நாற்காலியில் பர்னல் இருந்தான், முகமெல்லாம் நுரை. சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற அதே பர்னல்தான். விதவைகளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு, ஊரிலேயே தான்தான் சேவல் என்று திரிகிறான். நீ சொன்னபடியே 'பல்லை' என்று நிறுத்தினேன். பர்னல் சிரித்த சிரிப்பில் நுரை கண்ணாடிக்குப் பறந்தது. "அண்ணனும் தம்பியும் மாத்தி மாத்தித் தாயை ஏசிக்கிறதுக்கு ஒரு கூட்டம், அதைக் கேக்க ஒரு கூட்டம்," என்று புதிதாக வந்த ஒருவன் முகம் சுளித்தான். பர்னல் அவனுக்கு விளக்கினான்: "தம்பி, இது ஏச்சுப் போட்டி. கோவப்பட்டவன் தோத்தான், பதில் வராதவன் தோத்தான். இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி பெத்த பிள்ளைங்க. அம்பது வருஷமா ரெண்டு பேருமே தோக்கல."

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எலிக்குப் பல்லு போச்சா? அவனுக்கு அறிவு போச்சுன்னு எழுது," என்றார். உள்ளே போய் ரொட்டியைத் தட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

பெரியம்மா இறந்துவிட்டதால் எனக்குத்தான் நஷ்டம். செத்த தாயை ஏசக் கூடாது என்பது சட்டம், உன்னைத்தான் ஏச முடியும். சரி, வாங்கிக்கொள்: நீ பிறந்த அன்று உன்னைக் கடிக்க வந்த கொசு, முகத்தைப் பார்த்துவிட்டுப் "பசியில்லை" என்று திரும்பிப் போனதாம்.

இடுப்பு வலியை டாக்டரிடம் காட்டு.

தம்பி ஹோசியா


மில்வாக்கி
15 ஏப்ரல் 1984

கத்தரிக்கோலால் கொலை செய்யும் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி? சித்தி எப்படி? பதில் தாமதமாகிவிட்டது. உன் கொசு என்னை ஒன்றும் செய்யவில்லை, வேறு வேலை இருந்தது.

நீ சொன்னாயே என்று டாக்டரிடம் போனேன். வெள்ளைக்காரப் பையன், உன் கடையில் இன்னும் சவரத்துக்குக்கூட உட்காராத வயது. எனக்குக் காது கேட்காததால் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டினான். குனியச் சொன்னான். கையுறை மாட்டினான். பிறகு நடந்ததை உன் கடையில் பெண்பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துப் படி. நான் நிமிர்ந்து, "தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்ட, எப்போ தாலி கட்டப் போற?" என்று கேட்டேன். அவன் முகம் வெந்த இறாலாகச் சிவந்துபோனது.

அதோடு விட்டானா? மறுபடி மறுபடி கூப்பிட்டுப் படம் எடுத்தான், ரத்தம் எடுத்தான். கடைசியில், என் தோட்டத்துக் கொட்டை இரண்டையும் பறித்துக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுத்தால் தோட்டக்காரனை இன்னும் கொஞ்ச காலம் குடியிருக்க விடுவார்களாம். வாடகைக்குக் கொட்டை கேட்கும் ஊரை நீ பார்த்திருக்கிறாயா?

இந்தத் தடவை சித்தியைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. அடுத்ததில் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்.

லான்ஸோ


பைன் பிளஃப்
29 ஏப்ரல் 1984

தோட்டக்கார அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீ நூறு வருடம் இருந்து எங்கள் உயிரை வாங்க வேண்டும்.

அண்ணே, இதுவரை நீ எழுதியதிலேயே இதுதான் உச்சம். "எப்போ தாலி கட்டப் போற?" என்ற இடத்தில் ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்தான். கொட்டைக் கதை வந்தபோது கடையே குலுங்கியது. உனக்குப் பதில் ஏச்சும் அப்போதே தயாரானது. நான் சொன்னேன்: "குடுத்துரு அண்ணே. வெல்மா அண்ணி போன பிறகு அதை வச்சுக்கிட்டு நீ என்ன தாயமா ஆடுற?" எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். இதற்கு உன்னால் பதில் எழுத முடிகிறதா பார்ப்போம்.

பர்னல் மட்டும் பாதிச் சவரத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். வெயிலில் காரை நிறுத்திவிட்டானாம். நுரையோடு போனவன் திரும்பி வரவே இல்லை, துண்டும் போனது.

பதிலை எதிர்பார்த்து,
ஹோசியா


மில்வாக்கி
17 ஜூன் 1984

அன்பும் மதிப்பும் மிக்க தம்பி ஹோசியா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. தாங்களும் சித்தியும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. இவ்விடம் கோடை தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று நன்றாக வருகிறது.

கடையில் உள்ள நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். சித்தியின் உடல்நலத்துக்காகக் கடவுளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லான்ஸோ டார்வர்


பைன் பிளஃப்
24 ஜூன் 1984

அண்ணே,

'அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த அவர்கள்?

வழக்கம்போல் உறையைக் கடையில்தான் பிரித்தேன். 'அன்பும் மதிப்பும்' என்று படித்ததும் ஏதோ பெரிய ஏச்சுக்கு அடிப்போடுகிறாய் என்று எல்லாரும் அப்போதே சிரிக்கத் தயாரானார்கள். படித்துக்கொண்டே போனேன். ஜன்னல், காற்று, வணக்கம். முடிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. "பின்பக்கம் பாரு, ஏதாவது இருக்கும்," என்றார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வீட்டில் அம்மா கேட்டார், "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?" "உனக்காகக் கடவுளை வேண்டுறானாம்," என்றேன். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "அவனுக்கு என்னடா ஆச்சு?"

அதன் பிறகுதான் உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்தேன். தனியாக, வாய்க்குள்ளேயே படித்தேன். அதில் ஒரு சிரிப்பும் இல்லை, அண்ணே. டாக்டர், படம், ரத்தம், கொட்டை, கொஞ்ச காலம். நீ என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். நமக்குத் தெரிந்த ஒரே பாஷையில்தான் சொல்லியிருக்கிறாய். நான் அதைப் பத்துப் பதினைந்து பேர் முன்னால் நிறுத்தி நிறுத்திப் படித்துக் கைதட்டு வாங்கினேன். அதோடு விடாமல், 'தாயமா ஆடுற' என்று எழுதியும் அனுப்பினேன். அந்த வரியை நினைத்தால் என் கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

இனி உன் கடிதம் எதுவும் கடைக்குப் போகாது. உன் பேரை யாரிடமும் சொல்ல மாட்டேன். இது வாக்கு. என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், நீ என்ன முடிவு செய்திருக்கிறாய், மூன்றையும் நேராக எழுது. மரியாதையாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் ஹோசியா


மில்வாக்கி
5 ஆகஸ்ட் 1984

ஹோசியா,

எப்படி இருக்கிறாய்? என்னைக் கேட்காதே, கீழே எழுதுகிறேன்.

உன் மேல் கோபம் இல்லை. சிரிக்கிற மாதிரி எழுதினேன், நீ சிரித்தாய். அந்தக் கடிதத்தைப் போட்ட பிறகு தினமும் தபால்காரனைப் பார்த்து வாசலில் நின்றேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று ஒரு நினைப்பு. பதில் வந்தது, படித்தேன், மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஏச வரவில்லை. ஆலையில் சம்மட்டி விழுகிற தாளத்துக்கு நான் ஏச்சுக் கட்டுவேனே, வரி தானாக வந்து உட்காருமே? இப்போது காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தால் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்றுதான் வருகிறது.

புராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் போய்விட்டது. விதை இரண்டையும் எடுத்துவிட்டால் நோய்க்குத் தீனி நின்றுபோகும், சில வருடங்கள் கிடைக்கும், வலியும் குறையும். எடுக்காவிட்டால் அடுத்த கோடையைப் பார்ப்பது சந்தேகம். டாக்டர் இதை எழுதிய காகிதம் மேஜை மேல் இருக்கிறது. முதல் வரியில் 'மிஸ்டர் டார்வர்' என்று போட்டிருக்கிறான். ஆலையில் நரைத்த தலையோடு நின்றபோதும் என்னை 'ஏ பையா' என்றுதான் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் என்னை மிஸ்டர் என்ற முதல் வெள்ளைக்காரன், கையில் கத்தியோடு வந்து இதைக் கேட்கிறான்.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்பாய்.

ஏர்லி மாமா ஆற்றில் மூழ்கி இறந்தார் என்றுதானே உனக்குச் சொன்னார்கள்? நீ அப்போது இடுப்புக் குழந்தை. எனக்கு ஆறு வயது. வெள்ளைக்காரன் ஒருவன் வண்டிக்கு மாமா வழிவிடவில்லையாம். கூட்டமாக வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் நம் ஆட்கள் அவரைக் கோவேறு கழுதை வண்டியில் கொண்டுவந்தார்கள். மேலே ஒரு போர்வை. என் அம்மாவும் சித்தியும் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். உயிரோடு இருக்கும்போதே அதை வெட்டி எடுத்திருந்தார்கள். கயிறு அதற்குப் பிறகுதான்.

இதை வெல்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. பிள்ளை வேண்டும் வேண்டும் என்று அவள் அழுதபோது, எனக்குப் பிள்ளை பிறக்காததற்கு அந்தப் போர்வைதான் காரணமோ என்று நினைத்திருக்கிறேன். அது முட்டாள்தனம் என்று தெரியும்.

டாக்டர் நல்ல பையன். அவன் அந்தக் கூட்டத்தில் இருந்தவன் இல்லை, பிறக்கவே இல்லை. தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டிலில் நான் காலை விரித்துப் படுக்க மாட்டேன். முழு மனிதனாகவே போய்ச் சேருகிறேன். சித்திக்குச் சொல்லாதே.

லான்ஸோ


பைன் பிளஃப்
2 செப்டம்பர் 1984

அண்ணே,

உடம்பு எப்படி இருக்கிறது? வலி அதிகமா? எனக்கு ஒரு நோயும் இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கேள்.

உன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். "லெட்டர் எங்கடா? அந்தக் கிழவன் தோத்துட்டானா?" என்று பிடுங்கினார்கள். நான் கத்தரியைக் கீழே வைத்தேன். "லெட்டர் இல்ல. எனக்குப் புராஸ்டேட் புத்துநோய். விதையை எடுக்கணும்கிறாங்க," என்றேன்.

என் வாய் அப்படிச் சொல்லும் என்று எனக்கே தெரியாது. உன் பேரைச் சொல்ல மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன்? என் பேருக்கு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே.

அப்புறம் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா இதுலதான் போனாரு. மூல வியாதின்னு சொல்லிக்கிட்டே போயிட்டாரு," என்றான். இன்னொருவன், "எனக்கு ஒண்ணுக்குப் போறப்போ ரத்தம் வருது. யாருகிட்ட சொல்றது?" என்றான். இருபது வருடமாக அவன் தலையை நான்தான் வெட்டுகிறேன். பேஸ்பால் தவிர எதுவும் பேசியதில்லை.

பர்னல் கடைசிவரை இருந்தான். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கு எடுத்து மூணு வருஷம் ஆச்சு," என்றான்.

"எதை?"

"உன் அண்ணன் தோட்டத்துல இருக்கே, அதை."

"அப்ப அந்த விதவைங்க? கண்ணடிக்கிறது?"

"கண்ணு இன்னும் இருக்குல்ல? கண்ணை யாரும் எடுக்கலியே," என்றான். பிறகு அழுதான், அண்ணே. அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். ஏப்ரலில் உன் கடிதத்தைப் படித்தபோது அவனுக்கு மட்டும்தான் அது புரிந்திருக்கிறது. அதனால்தான் நுரையோடு ஓடியிருக்கிறான். "நான் அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பீங்கன்னு பயம். ஹோசியா, காலைல எந்திரிச்சு ஷூ மாட்டுறப்போ நான் அதே பர்னல்தான். ராத்திரி மட்டும் கொஞ்சம் கஷ்டம். இதை அவனுக்கு எழுது, என் பேரைப் போட்டே எழுது." உனக்குத்தான் நோய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

ஆனால் மற்ற எல்லாரும் என்னை நம்பிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போதகர் என் பேரைச் சொல்லி, உறுப்பின் பேரையும் சொல்லி ஜெபம் செய்தார். வீட்டு வாசலில் வறுத்த கோழியும் வள்ளிக்கிழங்குப் பணியாரமும் குவிகின்றன. விதவைகள் என்னைப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பயத்தில் நானே டாக்டரிடம் போய்க் குனிந்தேன். எனக்கு ஒன்றுமில்லையாம். ஊரே சேர்ந்து தப்பான ஆளுக்கு ஜெபம் செய்துகொண்டிருக்கிறது.

அம்மா இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னார்:

"வியாதிக்காரன் இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டுத் திங்க மாட்டான். இது லான்ஸோவுக்குத்தானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாக்கு உடைந்தது, மன்னித்துவிடு. நீ ஏன் மாட்டேன் என்கிறாய் என்றும் கேட்டார். "ஏர்லி மாமா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. அந்தப் பேரை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாந்தான் அவனைக் கழுவினேன். எங்கக்காவால முடியல, நாந்தான் கழுவினேன். அன்னைக்கு அவனுங்க அதை மட்டும் எடுத்துக்கிட்டு எங்கண்ணனை உசிரோட அனுப்பியிருந்தா, நான் கஞ்சி வச்சு ஊத்தி, அம்பது வருஷம் வச்சுக் காப்பாத்தியிருப்பேன். அவன் தின்னுட்டுச் சும்மா உக்காந்திருந்தாப் போதும். எனக்கு எங்கண்ணன் போனதுதான் போனது. அது போனதுக்கா நான் அழுதேன்? போய்ச் சொல்லு அந்தச் செவிட்டுப் பயலுக்கு. எங்கக்கா பெத்தது அவனை, அதை மட்டும் இல்ல."

பிறகு பட்டாணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதை எடுத்துவிடச் சொல், அண்ணே. எனக்கு நீ வேண்டும்.

ஹோசியா


மில்வாக்கி
23 செப்டம்பர் 1984

தப்பான ஆளுக்கு,

நலம்தானே? நலமாகத்தான் இருப்பாய், ஒரு ஊரின் ஜெபம் முழுவதும் வீணாகப் போயிருக்கிறதே.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். மாதக்கணக்கில் வராத சிரிப்பு. போதகர் உறுப்பின் பேரைச் சொன்னார் என்ற இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சித்தி பேசியதற்கு வந்தபோது காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அறையைச் சுற்றி நடந்தேன். மறுபடி படித்தேன். அந்தப் போர்வைக்குக் கீழே இத்தனை வருடமாக நான் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்டோபர் நடுவில் அறுவை. டாக்டர் பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நீ வர வேண்டியதில்லை. கடையை மூடினால் உனக்குச் சிரமம். இங்கே குளிரும் ஆரம்பித்துவிடும். படுக்க வசதியும் கிடையாது. வெல்மாவின் நாற்காலி ஒன்று இருக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை, உட்காரக் கூடாது என்றும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன், சிகாகோவில் பேருந்து மாற வேண்டும். நிலையத்திலிருந்து என் வீடு நடக்கும் தூரம்தான். மாடிப்படி வெளிப்பக்கம். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது, அதனால் அந்த வாரம் தாழ் போடாமல் வைத்திருப்பேன்.

பர்னலுக்கு என் வணக்கம். இது ஏச்சு இல்லை, நிஜ வணக்கம்.

லான்ஸோ


பைன் பிளஃப்
30 செப்டம்பர் 1984

அண்ணே,

வர வேண்டாம் என்று இவ்வளவு விவரமாக வழி சொன்ன மனிதனை நான் பார்த்ததில்லை.

புறப்படுகிறேன். கடையைப் பர்னல் பார்த்துக்கொள்வான். யார் தலைக்கும் நான் பொறுப்பில்லை என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். அம்மா ஒரு மூட்டை கட்டியிருக்கிறார், அதில் சோள ரொட்டியும் இருக்கிறது. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், முதலில் அறுவையிலிருந்து, பிறகு ரொட்டியிலிருந்து.

ஹோசியா


மில்வாக்கி
9 டிசம்பர் 1984

ஹோசியா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

எனக்குப் புண் ஆறிவிட்டது. இடுப்பு வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் சூடு கிளம்பி வேர்க்கிறது. ஒரு வயதில் பெண்களுக்கு வருமே, அதேதான். வெல்மா இந்தச் சூட்டோடு ஜன்னலைத் திறந்தபோதெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். இப்போது பனியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் நான்தான் தெரிகிறேன். சில நாள் நம்புகிறேன், சில நாள் நம்பவில்லை. இரண்டு வருடம், மூன்றும் ஆகலாம் என்று டாக்டர் எழுதிக் காட்டினான். நானும் சரி என்று எழுதிக் காட்டினேன்.

நீ இங்கே இருந்தபோது நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கடிதத்தில் இத்தனை பேசிய இரண்டு பேர், நேரில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ என் தலையை வெட்டினாய், கஞ்சி வைத்தாய், புண்ணுக்குக் கட்டு மாற்றினாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, நீயும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சொல்லவில்லை. அதனால் இப்போது ஒன்று சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் நீ வெல்மாவின் நாற்காலியில் தூங்கிப்போவாய். வாய் திறந்திருக்கும். குறட்டை விடுகிறாய் என்று வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கட்டிலில் கிடந்தவன் ஒருநாள் காலைக் கீழே தொங்கவிட்டேன். வெறும் பாதம் தரையில் பட்டது. பலகை நடுங்கியது. நாற்காலிக் கால் வழியாக உன் குறட்டை தரைக்கு இறங்கி, தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. காதில்லாத எனக்கு நீ தூங்குவது கேட்டது. வெல்மா போன பிறகு இந்த அறையில் இன்னொரு மனிதர் இருக்கிறார் என்று என் உடம்புக்குத் தெரிந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு நீ தூங்கும்போதெல்லாம் பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டேன். பயமில்லாமல் நானும் தூங்கினேன்.

உன்னைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து சாப்பிட்டேன். ஷூவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தேன். தினமும் வைத்துப் பார்க்கிறேன்.

தரை சும்மா இருக்கிறது. மறுபடி எப்போது வருவாய்?

உன் அண்ணன்,
லான்ஸோ